மடியோ, குறைபாடோ?

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கோவில்பட்டியில், தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



மருத்துவப் பொருள் பற்றிப் பேசுதற்குத் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் எழுந்து நிற்றல் உங்களிற் சிலர்க்கு வியப்பைத் தரலாம். நம் செயலாளர் எம்மை அழைத்தபொழுது, யாம் ஆண்டுதோறும் செய்து வருமாறு ஓர் இலக்கியப் பொருளையே எடுத்துக்கொள்வோமென எண்ணியிருந்தார். யாமே இப்பொருளை வேண்டிப் பெற்றோம். அதற்கு ஏதுவாயிருந்தது ஒரு பழைய மதிப்பெண் அட்டை. அவ்வட்டையின் வரலாற்றை முதற்கண் கூறுவோம். வைத்தியச் செய்திகள் அதன் பின்னர்த் தாமே வந்து சேரும்.

சென்ற ஆடித் திங்களில் ஒருநாள் மாலை, யாம் ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட புதிதில் எம்மிடம் ஆறாம் வகுப்பிற் பயின்ற மாணாக்கர் ஒருவர் எம் இல்லத்திற்கு வந்தார். அன்று பதினொரு வயதுச் சிறுவர். இன்று 34 வயதினர். தந்தையாருக்குப் பின் கடலைமிட்டாய்த் தொழிலை ஏற்று நடத்துபவர். இரண்டு மக்கட்குத் தந்தை. வணங்கி அமர்ந்தவர், தம் மஞ்சட்பையிலிருந்து அவ்வட்டையை எடுத்து எம் முன்னே வைத்தார். அவர்தம் அன்னையார் தகரப்பெட்டியில், பட்டுச்சேலைக்கு அடியில், இத்துணை ஆண்டுகள் அதனைக் காத்து வைத்திருந்தனராம். அதன் அடியில் எம் கையெழுத்திலேயே, 'அறிவுண்டு, கவனமில்லை. எடுத்ததை முடிப்பதில்லை. பொருள்களைத் தொலைக்கின்றான். வீட்டிற் கண்டிக்கவும்' என்று எழுதியிருந்தது.

"ஐயா, இது தாங்கள் எழுதியது. இதிலுள்ளவை உண்மைதான் என்று டாக்டருக்குத் தாங்கள் ஒரு கடிதம் தரவேண்டும்" என்றார் அவர்.

யாம் ஒன்றும் விளங்காது விழித்தோம். பின்னர் உசாவ அறிந்தது இது. சில ஆண்டுகளாகவே அவர் வாழ்க்கை இழை இழையாகப் பிரிந்து வந்திருக்கின்றது. சரக்கு சேவை வரிக் கணக்கைத் திங்கள்தோறும் 20 ஆம் நாளுக்குள் கொடுத்தல் வேண்டும்; அதனை விட்டுவிட்டு அபராதம் கட்டுவார். பணமில்லாமையால் அன்று. பணம் பெட்டியில் இருந்தது. தாள்கள் மேசைமேல் இருந்தன. அவரும் மேசை எதிரிலேயே இருந்தார். எனினும் கை எழவில்லை. ஏலச்சீட்டில் ஒருநாள் வேகத்திற் பெருந்தொகை தள்ளி எடுத்து இழந்தார். இருசக்கர வண்டியில் இருமுறை விழுந்தார். மகனைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போனவர், வழியிற் பழைய நண்பரைக் கண்டு பேசிக்கொண்டிருந்துவிட, குழந்தை இருட்டும் வரை பள்ளி வாயிலில் நின்றதும் உண்டு. மனைவியார் அன்று இரவே பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீடு சென்றுவிட்டார். அதன்மேல் உறக்கம் கெட்டு, உள்ளம் சோர்ந்து, மனநல மருத்துவர் ஒருவரை நாடியிருக்கின்றார். அம்மருத்துவர் ஒருமுறைக்குப் பலமுறை வினவி, சோர்வுக்கு அடியில் வேறொன்று இருக்கலாமென ஐயுற்று, "பன்னிரண்டு வயதுக்கு முன் நீங்கள் எப்படி இருந்தீர்கள்? அறிந்தவர் யாரேனும் உளரா? பள்ளிச் சான்று ஏதேனும் உண்டா?" என்று கேட்டாராம். அதனால்தான் தகரப்பெட்டி திறக்கப்பட்டது.

விடைபெறும்பொழுது அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார்: "ஐயா, கண்டிக்கவும் என்று தாங்கள் எழுதியதை அப்பா அன்று இரவே நிறைவேற்றிவிட்டார்." எமக்குச் சிரிப்பு வரவில்லை. யாமும் அந்நாளிற் பிரம்பு எடுத்தவரே. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அதனை எம் கையினின்றும் வாங்கிக்கொண்டது; நன்றே செய்தது.

அன்பர்களே! திருக்குறளில் 54 ஆம் அதிகாரம் பொச்சாவாமை. 61 ஆம் அதிகாரம் மடியின்மை. மறதியும் சோம்பலும் குடிகெடுக்கும் என்பதை இருபது ஆண்டுகட்கு மேலாக யாம் வகுப்பில் விரித்துரைத்து வருகின்றோம். ஆசிரியன் கையிற் கிடைத்த நூல் சிலபோது அளவுகோலாகாமற் பிரம்பாகிவிடுகின்றது. கவனமில்லாத மாணவனைக் கண்டவுடன் மடியன் என்று முடிவு கட்டினோம். ஆனால் மடியன் யாவன்? செய்ய வல்லவனாயிருந்தும் செய்ய விரும்பாது சுகமாகக் கிடப்பவன். எம் மாணாக்கர் ஒருநாளும் சுகமாகக் கிடந்தாரல்லர். செய்ய விரும்பி, செய்யத் தொடங்கி, செய்யமாட்டாது, அதற்கு நாணி, நாணத்தை மறைக்கப் பொய்யுரைத்து, அப்பொய்க்கு மீட்டும் நாணி உழல்பவர். இவ்விரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே ஒன்றுக்கொன்று மறுதலை.

இந்நிலைக்கு மருத்துவ நூலார் இட்ட பெயர் கவனக்குறைபாட்டு மிகையியக்கக் கோளாறு என்பது, ஏ. டி. எச். டி. என நான்கு எழுத்தால் வழங்குவர். இப்பெயரே ஓரளவு பிழைபடுவது என்பது எம் கருத்து. கவனம் இல்லாமையன்று குறை. கவனம் ஏவலுக்கு அடங்காமையே குறை. நம் மாணாக்கரையே பாருங்கள். கடலைமிட்டாய்க்கு உயிர்நிலை பாகின் பதம் என்பதைக் கோவில்பட்டியாருக்கு யாம் சொல்லவேண்டுவதில்லை. கடலை, வெல்லம், அடுப்புத் தீ மூன்றும் ஒத்துவரும் அக்கணம் தப்பினால் கொப்பரை முழுதும் வீண். அவர் கையில் ஒரு கொப்பரையும் வீணானதில்லை என்று அவர்தம் தொழிலாளரே கூறுகின்றனர். பாகில் தவறாத கண் கணக்கில் தவறுவது ஏன்? பாகு கொதிக்கின்றது; காத்திராது; அப்பொழுதே முடிகின்றது. கணக்கு கொதிப்பதில்லை. நம் கரிசற்காட்டு மழையைப் போன்றது இவர்கள் கவனம். ஒரு புஞ்சையில் வெள்ளமாகப் பெய்யும். வரப்புக்கு அப்பால் விதைத்துவிட்டு வானம் பார்த்திருக்கும் புஞ்சையில் ஒரு துளியும் விழாது. மழையே இல்லையென்று சொல்லலாகாது. வேண்டிய நாளில் வேண்டிய நிலத்திற் பெய்யாமையே குற்றம். இதனை அறியாத வீட்டார், "உனக்குப் பிடித்தது என்றால் மணிக்கணக்காகச் செய்கின்றாய்; பிடிக்காவிட்டால் நடிக்கின்றாய்" என்பர். அது நடிப்பன்று, அதுவே இக்குறைபாட்டின் முகம்.

இஃது மேல்நாட்டார் நேற்றுக் கட்டிய பெயர், செல்பேசி வந்தபின் பிறந்த நோய் என்று சொல்வாரும் உளர். ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிரைட்டன் என்பார் ஒன்றில் நிலையாது அலையும் கவனத்தைப் பற்றித் தம் நூலில் எழுதியது 1798 ஆம் ஆண்டு. நமக்கு அண்மையிலுள்ள கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பெற்றதற்கு ஓராண்டு முன்பு. 1902 ஆம் ஆண்டில் இலண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் இத்தகைய சிறுவரைப் பற்றிச் சொற்பொழிவுகள் செய்தார். 1937 இல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்பார் ஊக்கமருந்து ஒன்று இச்சிறுவரை அமைதியுறச் செய்தலைக் கண்டு எழுதினார். 1944 இல் சுவிட்சர்லாந்தில் மெதில்பெனிடேட் என்னும் மருந்து ஆக்கப்பெற்றது. இன்றும் முதன்மையாக வழங்குவது அதுவே. ஆயினும் நெடுங்காலம் மருத்துவர்களும் இதனைப் பிள்ளைப்பருவத்தோடு ஒழியும் ஒன்றென்றே கொண்டிருந்தனர். 1970 களிலேதான் பால் வெண்டர் முதலிய சிலர் வளர்ந்தோரிடத்தும் இது தங்குதலை ஆராயலாயினர். வயது ஏற ஓட்டமும் துள்ளலும் அடங்கிவிடும். உள்ளத்து ஓட்டம் அடங்காது. ஆகவே அண்டை அயலார்க்கு இது மறைந்ததுபோலத் தோன்றும். பல நாட்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கண்டோர், வளர்ந்தோர் நூற்றுவருள் ஏறத்தாழ இருவர் மூவர்க்கு இஃது உண்டென்பர். நம் சங்கத்தின் ஆண்டுவிழாப் பந்தலில் ஆயிரவர் கூடுவோமாயின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

இனி, இதனை அறியுமாறு எவ்வாறு? இரத்தம் எடுத்துப் பார்த்தலாலும் அறிய இயலாது. மூளையைப் படம் பிடித்தலாலும் அறிய இயலாது. வினவுதலும் கேட்டலுமே வழி. அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் 2013 இல் வெளியிட்ட கையேடு பதினெட்டு அறிகுறிகளை இரு தொகுதியாக வகுத்துள்ளது. ஒன்பது கவனம் பற்றியவை: தொடங்கியதை விட்டுவிடுதல், திறவுகோல் கண்ணாடி செல்பேசி முதலியவற்றை இடம் மாற்றி வைத்துத் தேடுதல், எதிரிலிருப்பார் பேசும்பொழுதே உள்ளம் வேறிடம் போதல், நெடிது சிந்திக்க வேண்டிய வேலையைத் தள்ளிப்போடுதல் போல்வன. ஒன்பது அமைதியின்மையும் பதற்றமும் பற்றியவை: இருந்தவிடத்து இருக்கமாட்டாமை, வினா முடியுமுன் விடை கூறல், முறை வரும்வரை பொறுத்து நிற்கமாட்டாமை போல்வன. பதினேழு வயதுக்கு மேற்பட்டார்க்கு ஒரு தொகுதியில் ஐந்தேனும் ஆறு திங்களாக நிலைத்திருத்தல் வேண்டும்; அவற்றிற் சில பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தோன்றியிருத்தல் வேண்டும்; வீடு, தொழில் என இரண்டிடத்தேனும் காணப்படல் வேண்டும்; அவற்றால் வாழ்க்கைக்குக் கேடு விளைந்திருத்தல் வேண்டும்; வேறு நோயால் வந்தனவல்ல என்பதும் தெளிதல் வேண்டும்.

'இவை யாருக்குத்தான் இல்லை?' என்று முன்வரிசையில் ஒருவர் மெல்லச் சொல்வது எம் காதில் விழுகின்றது. தாகம் யாருக்குத்தான் இல்லை? சித்திரை வெயிலில் எட்டயபுரம் சாலையில் நடந்துவந்தவர்க்கும் தாகம். நீரிழிவு உடையார்க்கும் தாகம். இரண்டும் ஒன்றென்று எந்த மருத்துவரும் சொல்லார். எத்துணைக் காலமாக, எத்துணை இடங்களில், எத்துணை இழப்போடு என்பதே பார்க்கற்பாலது. இளமையெல்லாம் ஒழுங்காயிருந்து, நாற்பதாம் வயதிற் புதிதாகக் கவனம் கெட்டது என்பார்க்கு இக்குறைபாடு இருத்தல் அரிது. அவர் வேறு காரணம் தேடல் வேண்டும். தைராய்டுச் சுரப்புக் குறைவு, இரத்தசோகை, குறட்டையோடு மூச்சுத் தடைப்படும் உறக்கநோய், மனச்சோர்வு, அச்சநோய், மது, இரவு முறை வேலையால் உறக்கமிழத்தல், இவை யாவும் கவனத்தைக் கெடுக்கும். ஆகவேதான் மருத்துவர் இரத்தமும் சோதிப்பர்; இக்குறைபாட்டை அறிதற்கன்று, மற்றவற்றை விலக்குதற்கு. செல்பேசியில் ஒரு நிமிடப் படத்தைப் பார்த்துத் தமக்கும் இஃது உண்டென்று தாமே தீர்ப்புக் கூறிக்கொள்ளும் இளைஞர் இக்காலத்துப் பலர். உலகச் சுகாதார நிறுவனத்தின் வினாப்பட்டியல் ஒன்றுண்டு. அதன் முதல் ஆறு வினாக்களே ஐயப்பாட்டை எழுப்பப் போதும். ஆனால் அது சல்லடையேயன்றித் தராசன்று. சல்லடையில் நின்றதை எல்லாம் நிறுத்துப் பார்த்தபின்னரே விலை கூறல் வேண்டும்.

தாய்மார்களுக்குத் தனியே ஒன்று கூற விரும்புகின்றோம். வகுப்பிற் குதிக்கும் சிறுவனை யாம் கண்டுகொண்டோம்; தவறான பெயரிட்டேனும் கண்டுகொண்டோம். சன்னலோரத்தில் அமர்ந்து, ஒருவருக்கும் இடையூறு செய்யாது, கரும்பலகையை நோக்கியவாறே வேறெங்கோ உள்ளத்தை விட்டிருந்த சிறுமியை யாம் கண்டிலேம். அவள் அட்டையில் 'அமைதியானவள்' என்று எழுதினோம். பெண்களிடத்து இக்குறைபாடு பெரும்பாலும் அவ்வடிவில் இருத்தலால் கண்டறியப்படாமலே போகின்றது என்று இன்று மருத்துவர் கூறுகின்றனர். அவள் வளர்ந்து மருமகளாகிப் புகுந்த வீட்டிற் பால் பொங்கி வழிகின்றது. அடுப்பில் வைத்த பருப்பு தீய்கின்றது. விசேஷ வீட்டுக்கு மொய் எழுத மறக்கின்றாள். ஆடவன் மறந்தால் வேலை மிகுதி என்போம். பெண் மறந்தால் வளர்ப்புச் சரியில்லை என்று அவள் தாயையும் சேர்த்துப் பழிப்போம். பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் சென்ற தாயர் சிலர், மருத்துவர் பிள்ளையைப் பற்றிக் கேட்கும் வினாவெல்லாம் தம்மைப் பற்றியனவாக இருத்தலை உணர்ந்து, அங்கேயே கண்கலங்குதல் உண்டு. என்னை? இக்குறைபாட்டில் மரபின் பங்கு மிகப் பெரிது. இரட்டையரை வைத்து ஆராய்ந்தோர் ஏறத்தாழ நூற்றுக்கு 74 பங்கு என்பர்.

மரபு என்றவுடன் இவ்வவையில் ஓர் அசைவு எழுதலைக் காண்கின்றோம். சம்பந்தம் பேசும் நம் வழக்கம் யாம் அறியாததன்று. 'அந்த வீட்டில் இப்படி ஒன்று உண்டாம்' என்னும் ஒரு சொல் ஊர்சுற்றி வருமுன் மூன்று வீட்டுப் பெண்கள் கல்யாணம் நின்றுபோகும். அஞ்சி மறைப்பார் மறைக்கின்றனர். மரபென்பது ஈண்டு ஒரு குடியின் குற்றமன்று; சிறிது சிறிதாகப் பங்களிக்கும் மரபணுக் கூறுகள் மிகப் பல சேர்ந்து வருவது. எந்த நாட்டிலும் எந்தச் சாதியிலும் உளது. பார்வை மங்கினால் கண்ணாடி அணிகின்றோம். கண்ணாடி அணிந்த மாப்பிள்ளையை நாம் தள்ளுகின்றோமா? மணம் பேசுங்கால் மறைத்தல் பின்னர்ப் பெருந்துன்பம் விளைக்கும் என்பது எம் கருத்து. சொன்னவரைத் தள்ளுதல் மறைப்பாரை இன்னும் பெருக்கும் என்பதும் எம் கருத்தே. மனநல மருத்துவம் பெறுவார் செய்தியை மருத்துவமனையார் பிறர்க்கு வெளியிடலாகாது என்று 2017 ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் விதித்துள்ளது. மருத்துவமனையார் காப்பர்; நாம் காப்போமா என்பதே வினா.

அண்டை நாட்டில் ஒருவர் இதனை மேடையிலேயே வெளியிட்டார். நம் பிள்ளைகள் 'மாமன்னன்' படத்திற் கண்டு வியந்த மலையாள நடிகர் ஃபகத் ஃபாசில், 2024 மே மாதத்தில் கேரளத்துக் கோதமங்கலத்தில் சிறப்புக் குழந்தைகட்கான ஓர் இல்லத்தின் திறப்புவிழாவில் பேசுங்கால், தமக்கு இக்குறைபாடு உளதென்று 41 ஆம் வயதிலேயே கண்டறியப்பெற்றதைக் கூறினார். இளமையிற் கண்டிருப்பின் எளிதிற் சீர்செய்திருக்கலாம் எனத் தமக்குச் சொல்லப்பட்டதையும் உரைத்தார். படம் நடிப்பாரைப் பற்றி இம்மேடையிற் பேசுதல் எம் வழக்கமன்று. ஆயினும் புகழின் உச்சியில் நிற்பாரொருவர் தம் குறையை அஞ்சாது சொன்னபின், மளிகைக்கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவர் தம் மனைவியிடமேனும் சொல்லலாமன்றோ?

மருந்தின் செய்திக்கு வருவோம். மெதில்பெனிடேட் மூளையில் டோபமின், நார்எபிநெப்ரின் என்னும் இரண்டு பொருள்கள் செய்தி கடத்தும் இடத்திற் சற்று நேரம் கூடுதலாகத் தங்கச் செய்கின்றது. உண்ட ஒரு மணி நேரத்திற்குள் பயன் தெரியும். சில மணிக்குப் பின் நீங்கும். மெல்லக் கரையும் வகையும் உண்டு. பசி குறைதல், உறக்கம் தள்ளிப்போதல், நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்று உயர்தல் ஆகிய குறைகள் உண்டு. ஆகவே இதயநோய் உடையாரும் குடும்பத்தில் இளவயது மாரடைப்புக் கண்டாரும் அதனை முன்னரே மருத்துவரிடம் சொல்லல் வேண்டும். அடாமாக்ஸிடின் என்பது வேறு வகை, ஊக்கமருந்து அன்று, அதன் பயன் முழுதும் தெரியச் சில வாரங்கள் செல்லும், குமட்டலும் வாய் உலர்தலும் சிலர்க்கு உண்டாம். எது யார்க்கு ஏற்கும் என்பது மருத்துவர் அளந்து காண்பது. இவை குறைபாட்டை வேரறுப்பன அல்ல. கண்ணாடி கழற்றினால் எழுத்து மங்குதல் போல மருந்து நீங்கினால் பழைய நிலை திரும்பும். எனினும் பயன் சிறிதன்று. சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட ஆய்வொன்று, இக்குறைபாடுடைய ஆடவர் மருந்துண்ணும் காலங்களிற் கடும் வாகன விபத்துக்களில் அகப்படுதல் தெளிவாகக் குறைந்திருத்தலைக் காட்டிற்று. இருமுறை விழுந்த எம் மாணாக்கர் பொருட்டு இதனை யாம் குறித்துவைத்தோம்.

சட்டச் செய்தி ஒன்றும் தெரிந்திருத்தல் நலம். மெதில்பெனிடேட் 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திற்கு உட்பட்டது; 1945 ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எக்ஸ் அட்டவணையிலும் உள்ளது. தனி உரிமம் பெற்ற கடையிலேதான் விற்கலாம். மருத்துவர் சீட்டு இரண்டு படிகளாக இருத்தல் வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டாண்டு காத்தல் வேண்டும். ஆகவே இங்கே கிடைக்கவில்லையென்று நெல்லைக்கோ மதுரைக்கோ அலைய நேரின், அதற்குக் காரணம் இக்கட்டுப்பாடே. நும்மைக் குற்றவாளி எனக் கருதியன்று. அண்ணனுக்கு எழுதிய மாத்திரையைத் தேர்வுக்குப் படிக்கும் தம்பிக்குக் கொடுத்தல் மட்டும் ஒருகாலும் ஆகாது. அது கேடும் குற்றமும் ஆம்.

மருந்தோடு நில்லாது, பழக்கத்தைத் திருத்தும் உளவியற் பயிற்சியும் உண்டு. அதன் சாரம் நம் பாட்டிமார் அறியாததன்று. நினைவிற் கொள்ளவேண்டியதற்கு முந்தானையில் முடிச்சிட்டார்களே, அதுவே. நினைவை உள்ளத்தில் நம்பாது வெளியே கட்டிவைத்தல். திறவுகோலுக்கு ஒரே ஆணி. நாளைய வேலையை இன்றிரவே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டல். பெரிய வேலையைப் பத்து நிமிட வேலைகளாக வெட்டல். கணக்கெழுதும்பொழுது ஒருவர் பேசாது உடனிருத்தல். எம் மாணாக்கரின் மனைவியார் இப்பொழுது வாரம் இருநாள் தையல் வேலையை எடுத்துக்கொண்டு அவர் மேசையருகே அமர்கின்றார். அவர் கணக்குப் பார்ப்பதில்லை. அருகே இருப்பதே போதுமாம். ஆம், அவர் தாய்வீட்டினின்றும் திரும்பிவிட்டார்.

எங்கே செல்வது என்பீர்கள். நம் ஊர் அரசு மருத்துவமனையில் முதற்கண் கேட்கலாம். மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் 1997 இல் திருச்சிராப்பள்ளியில் தொடங்கி, இன்று எல்லா மாவட்டங்களிலும் உளது. தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் உண்டு. பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்கு உட்பட்ட வழியே. வெளியிற் செல்ல நாணுவார் 14416 என்னும் எண்ணுக்குப் பேசலாம், இந்திய அரசு 2022 அக்டோபரிற் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் கட்டணமில்லாத் தொண்டு அது, இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

மருத்துவர் கேட்ட கடிதத்தை எழுத எமக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் எழுதியதைக் கிழித்தோம். அதிலும் 'கவனமற்றவர், விளையாட்டுப் புத்தியினர்' என்ற சொற்களே வந்தன. அட்டையில் எழுதியதையே சற்று மரியாதையாக எழுதியிருந்தோம். மருத்துவருக்கு வேண்டுவது எம் தீர்ப்பன்று, யாம் கண்டது. எனவே கண்டதை மட்டும் எழுதினோம். வாரத்தில் மூன்று நாள் எழுதுகோலின்றி வருவார். கட்டுரையின் முதற்பத்தி வகுப்பிலேயே சிறந்ததாக இருக்கும்; இரண்டாம் பத்தி இராது. செய்யுளை இருமுறை கேட்டால் ஒப்பிப்பார். மறுநாள் எந்தச் செய்யுளை ஒப்பிக்க வேண்டுமென்பதை மறந்து வருவார். வினாவை யாம் முடிக்குமுன் விடை கூறுவார், விடை பெரும்பாலும் சரியாக இருக்கும், அதற்கும் அடித்தோம். தமையன் திருமணத்தன்று மாப்பிள்ளை மோதிரத்தை அவரிடம் கொடுத்து வைத்து, அது தொலைந்து, பின்னர் அவர் காற்சட்டைப் பையிலேயே இருந்ததை ஊரார் சொல்லக் கேட்டதுண்டு. அதனை யாம் காணாமையால் எழுதாது விட்டோம்.

இக்கூட்டத்திலுள்ள பெற்றோரும் தமையன்மாரும் ஒருநாள் இத்தகைய சான்று சொல்ல அழைக்கப்படலாம். அப்பொழுது 'சிறுவயதிலிருந்தே இவன் இப்படித்தான், உருப்படமாட்டான்' என்று சொல்லாதீர்கள். என்ன நடந்தது, எந்த வகுப்பில், எத்தனை முறை, யார் கண்டார் என்று சொல்லுங்கள். நல்லதையும் சொல்லுங்கள். பெற்றோர் இல்லாதவர்க்கு அத்தையோ சித்தப்பாவோ பக்கத்து வீட்டாரோ சொல்லலாம்.

இது நிகழ்ந்து ஏழு திங்கள் ஆகின்றன. மருந்துண்ட முதல்நாள் எப்படி இருந்ததென்று கேட்டோம். "தீப்பெட்டி ஆபீஸில் மாலையில் இயந்திரத்தை நிறுத்தினதும் ஒரு அமைதி வருமே, ஐயா, அப்படி" என்றார். வரிக் கணக்கை ஐந்து மாதம் நாள் தவறாது கொடுத்திருக்கின்றார். தை மாதத்தில் தவறிற்று. மதிய உணவு செல்லாமையால் சற்று மெலிந்திருக்கின்றார். மருத்துவர் அளவை மாற்றியிருக்கின்றார். வண்டித் திறவுகோலை மட்டும் மீண்டும் தொலைத்தார். ஆணி அடித்த சுவரிலேயே வேறோர் ஆணியில் அது தொங்கியதாம்.

அவர் போனபின் எம் உள்ளத்தில் நின்றது ஒன்று. ஆண்டொன்றுக்கு இரண்டு வகுப்பு, வகுப்பொன்றுக்கு நாற்பது அட்டை. எத்தனை அட்டைகளில் 'கண்டிக்கவும்' என்று எழுதியிருப்போம்? அவையெல்லாம் இப்பக்கத்து வீடுகளின் தகரப்பெட்டிகளில் எங்கேயோ கிடக்கின்றன. எம்மிடம் பயின்று, இன்று வளர்ந்து, இத்தகைய இடரில் உழல்வார் யாரேனும் இங்கிருப்பின், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் யாம் இல்லத்திலேயே இருப்போம். அட்டை இருப்பின் கொண்டு வருக. அட்டை கிடைக்காவிடினும் வருக. யாம் கண்டது நினைவில் உள்ளமட்டும் எழுதித் தருவோம்.